நாயை அவிழ்த்துவிடும் பார்க்: ஸ்காபரோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் நாய்களை லீஷ் (பிடிகயிறு) இல்லாமல் ஓடவிடுவதற்கென்றே சில பார்க்குகளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடக்கூட, அந்த இடங்களைப் பற்றிய அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன: பார்க் கேற்றடியில், கோயில் மண்டபத்தில், மரக்கறிக் கடை வரிசையில். ஊரில் எங்கள் நாய்கள் வளவுக்குள் தன்பாட்டில் திரிந்தன. இரவில் அவிழ்த்துவிட்டால் வீட்டைக் காத்தன. யாரையாவது கடித்தால் கடிபட்டவர் வீட்டுக்காரர் படலையடியில் நின்று நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போவார், அத்தோடு சரி. இங்கே அந்த நாலு வார்த்தையோடு முடியாது.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வது ஒன்ராறியோ மாகாணத்துக்கும் ரொறன்ரோ மாநகருக்கும் உரியது. மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்கள் தங்கள் நகரத்து விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நாயை எந்தப் பார்க்கிலையும் அவிழ்த்துவிடலாம்தானே? எல்லாரும் விடுகினம்.

விடுகிறார்கள், உண்மை. ஆனால் விடக்கூடாது. ரொறன்ரோவில் உங்கள் வளவைத் தாண்டினால் நாய் லீஷில் இருக்கவேண்டும். லீஷின் நீளம் 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. பட்டனை அமத்தினால் நீண்டுகொண்டே போகும் லீஷ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அதை முழுக்க விட்டால் விதியை மீறியாயிற்று.

அவிழ்த்துவிட அனுமதி இருப்பது அதற்கென்று பலகை போட்ட இடங்களில் மட்டும். நகரம் முழுவதும் 70க்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. ஸ்காபரோவில் தொம்சன் மெமோரியல் பார்க், லமோரோ பார்க், கேணல் டான்ஃபோர்த் பார்க் ஆகியவற்றில் இருக்கின்றன. ஏரிக்கரையில் நாய் நீந்தவேண்டும் என்றால் செரி பீச் வரை போவார்கள். எல்லா இடத்துக்கும் வேலி கிடையாது. வேலி இல்லாத இடத்துக்குப் போவதற்கு முதல் ஒரு சோதனை: வீட்டுக்குப் பின்வளவில் அணில் ஓடும்போது கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வராவிட்டால், வேலி இருக்கும் இடமே உங்களுக்குச் சரி.

உள்ளுக்குப் போகக் காசு கட்டவேணுமோ? என்னென்ன பேப்பர் வேணும்?

உள்ளே போகக் காசு இல்லை. ஆனால் நாய்க்கு மாநகர லைசென்ஸ் இருக்கவேண்டும், அதன் தகடு கழுத்துப் பட்டியில் தொங்கவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம்: மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் பூனைக்கும் அதைப் போடவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்குக்கூட.

ஒருவர் மூன்று நாய்க்கு மேல் கொண்டுவர முடியாது. சம்பளத்துக்கு நாய் நடத்துபவர்கள் மாநகரத்திடம் பெர்மிற் எடுத்தால் ஆறு வரை கொண்டுவரலாம். சூட்டில் (இணைசேரும் பருவத்தில்) இருக்கும் பெட்டை நாயைக் கொண்டுவரவே கூடாது. இதைத் தமிழில் கேட்க ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், அதனால் கேட்காமல் கொண்டுவந்துவிடுகிறார்கள். அங்கே இருக்கும் கடுவன்கள் எல்லாம் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ள அது ஒன்றே போதும். முழுச் சூட்டுக் காலமும், கிட்டத்தட்ட மூன்று கிழமை, வீட்டோடு வைத்திருங்கள்.

குட்டியை எத்தினை மாதத்தில கொண்டுபோகலாம்? இப்பவே பழகினால் நல்லம்தானே?

பழக்குவது நல்லது, பார்க்கில் பழக்குவது நல்லதல்ல. குட்டிக்குரிய தடுப்பூசிகள் முழுதாக முடிய ஏறக்குறைய 16 கிழமை ஆகும். கடைசி ஊசிக்குப் பிறகும் ஒன்றிரண்டு கிழமை பொறுக்கச் சொல்லி மிருக வைத்தியர்கள் சொல்வார்கள். பார்வோ என்ற வயிற்றோட்ட வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி முடியாத குட்டியை அது கொன்றுவிடும். ரொறன்ரோவில் ரக்கூன்கள் நிறைய. அவற்றின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், தேங்கிய தண்ணீரில் நாய் வாய் வைத்தால் தொற்றும். அதற்கு ஊசி இருக்கிறது, போடச் சொல்லிக் கேளுங்கள். நாய்கள் கூடும் இடத்தில் பரவும் இருமலுக்கும் அப்படித்தான்.

அதுவரைக்கும் ஊசி போட்ட, குணம் தெரிந்த ஒரு நாய் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முன்பின் தெரியாத பத்து நாய் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுந்தால் குட்டி பழகாது, வெருளும். அந்த வெருட்சி வளர்ந்தபிறகு குரைப்பாகவும் கடியாகவும் வெளியே வரும்.

அதென்ன இரண்டு கேற்? எங்கை லீஷைக் கழட்டிறது?

இரண்டு கேற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கூட்டுக்குள். வெளிக் கேற்றைத் திறந்து உள்ளே வந்து, அதைப் பூட்டிவிட்டு, கொழுக்கி விழுந்ததா என்று கையால் ஒருக்கால் இழுத்துப் பார்த்து, அங்கேயே லீஷைக் கழற்றி, பிறகுதான் உள்கேற்றைத் திறக்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடாது. வெளிக் கேற் சரியாகப் பூட்டாமல் ஆடிக்கொண்டிருந்தால் நாய் ஒன்று நேரே வீதிக்குத்தான் போகும்.

லீஷோடு உள்ளே கூட்டிப்போய் நிலைமையைப் பார்த்துவிட்டு அவிழ்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பயத்தில் செய்வதுதான், ஆனால் அதுதான் ஆபத்து. மற்ற நாய்கள் சுதந்திரமாகச் சுற்றி நின்று மோப்பம் பிடிக்க, உங்கள் நாய் மட்டும் கட்டுண்டு நிற்கிறது. விலகிப் போக ஏலாது. லீஷ் இறுகினால் அதன் தலை நிமிர்ந்து நெஞ்சு முன்னுக்குத் தள்ளும். நாய் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பு. நான் கண்ட சண்டைகளில் பாதிக்குமேல் கேற்றில் இருந்து பத்தடிக்குள் தொடங்கியவை.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. புதிதாக ஒரு நாய் கேற்றடிக்கு வந்தால் உங்கள் நாயைக் கூப்பிட்டு அப்பால் கொண்டுபோங்கள். ஆறு நாய் கேற்றை அடைத்துக்கொண்டு நிற்கும்போது எந்த நாயும் நிம்மதியாக உள்ளே வராது. வந்தவரும் கொஞ்சம் பொறுக்கலாம். கூட்டம் கலையாவிட்டால் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள், பார்க் எங்கேயும் ஓடிவிடாது. உள்ளே போனபிறகு கேற்றடியில் நின்று கதைக்காமல் நடந்துகொண்டே இருங்கள். ஆட்கள் ஒரே இடத்தில் நின்றால் நாய்களும் அங்கேயே குவியும்.

விளையாடுதோ, சண்டை பிடிக்குதோ எண்டு எப்பிடித் தெரியும்? சத்தம் ஒரே மாதிரித்தான் கேக்குது.

சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்லாக விளையாடும் நாய்கள் உறுமும், பல்லைக் காட்டும், ஒன்றின் கழுத்தை ஒன்று வாயால் பிடிக்கும். பார்க்கவேண்டியது உடம்பை. விளையாடும் நாயின் உடம்பு தளர்ந்து வளையும், வாய் திறந்திருக்கும், முன்னங்கால்களைத் தரையில் பரப்பிப் பின்பக்கத்தை உயர்த்தி மற்றதை அழைக்கும். துரத்தியது பிறகு துரத்துப்படும். மேலே இருந்தது கீழே கிடக்கும். நடுவில் நிறுத்தி, உடம்பை உதறிவிட்டு, மறுபடி தொடங்கும்.

மாறாக, உடம்பு விறைத்துப்போய், திறந்திருந்த வாய் சட்டென்று மூடி, வால் உயர்ந்து கம்பியாக நின்று நுனி மட்டும் அதிர்ந்தால் எழும்பவேண்டிய நேரம். வால் ஆடினால் சந்தோசம் என்று ஊரில் சொல்லித் தந்தது முழு உண்மை இல்லை. ஒரு நாய் மற்றதன் தோளுக்கு மேல் தன் தலையை வைத்து அசையாமல் நிற்பது, கண்ணின் வெள்ளை பிறையாகத் தெரிவது, முதுகு மயிர் சிலிர்ப்பது, இவையும் அப்படித்தான். பயந்த நாயும் ஆபத்தானதே: வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு வாங்கிலுக்குக் கீழே ஒளிக்கும் நாயைத் தொடர்ந்து துரத்தினால் ஒரு கட்டத்தில் அது திரும்பிக் கடிக்கும். அப்போது குற்றம் கடித்த நாயின் தலையில் விழும்.

சந்தேகமாக இருந்தால் துரத்தும் நாயைப் பட்டியில் பிடித்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கீழே கிடந்த நாய் எழும்பித் திரும்ப அதனிடமே வந்தால் இரண்டும் விளையாடுகின்றன. கிடைத்த இடைவெளியில் ஓடித் தப்பினால் அது விளையாட்டு இல்லை. இந்தச் சோதனையைச் செய்ய நீங்கள் நாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் முதல் மூன்று அறிகுறியும் போய், நாலாவதாகச் சத்தம் கேட்டுத்தான் தலை நிமிரும்.

பந்து, சாப்பாடு கொண்டுபோகலாமோ?

சாப்பாடு வேண்டாம். உங்கள் நாய் வீட்டில் சாதுவாக இருக்கலாம்; ஐந்து நாய்க்கு நடுவில் ஒரு துண்டு இறைச்சி விழும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. வாங்கிலில் இருந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிடுவதும் இதில் அடக்கம். மிச்சத்தைப் பாவம் என்று அடுத்தவர் நாய்க்குக் கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ரோல்ஸுக்குள் இருக்கும் வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கூடாது, அதோடு அந்த நாய்க்கு என்ன ஒவ்வாமை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கோழி எலும்பை எறிந்துவிட்டுப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பந்து பரவாயில்லை, ஆள் குறைந்த நேரத்தில். தன் பந்துக்காக உறுமும் நாய் என்றால் காருக்குள்ளேயே விட்டுவிட்டு வாருங்கள். பந்தைத்தான் சொல்கிறேன்.

எங்கடை நாய் சின்னன். பெரிய நாயளோட விடலாமோ?

சில பார்க்குகளில் சின்ன நாய்களுக்குத் தனியாக வேலி போட்ட பகுதி இருக்கிறது. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெரிய நாய் கெட்டதென்று இல்லை. ஐந்து கிலோ நாய் கீச்சிட்டுக்கொண்டு ஓடும்போது, அதைத் துரத்தும் முப்பது கிலோ நாய்க்கு ஒரு கணத்தில் அது முயலாகத் தோன்றலாம். அதுவரை விளையாடிக்கொண்டிருந்த நாய்களுக்குள்ளேயே இது நடக்கும். கடிக்காமல் மிதித்தாலே சின்ன நாயின் கால் முறியும்.

பயந்துபோய் நாயை மார்போடு தூக்கிக்கொள்வது எல்லோருக்கும் வரும் பழக்கம். தூக்கினதும் மற்ற நாய்கள் அதை நோக்கி உங்கள் மேல் பாயும். முடிந்தால் உங்கள் உடம்பை நடுவில் வைத்து, நேராக நின்று, வந்த நாயின் சொந்தக்காரரைக் கூப்பிடுங்கள். தூக்கியே ஆகவேண்டும் என்றால் தூக்கினபடி திரும்பிக் கேற்றை நோக்கி நடங்கள், ஓடாதீர்கள்.

பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ? பார்க்தானே.

பெயர்தான் பார்க். அது நாய்கள் முழு வேகத்தில் ஓடும் இடம், ஓடும்போது அவை வழி பார்ப்பதில்லை. நாலு வயதுப் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. பிள்ளை ஓடும், கீச்சிடும், கையில் பிஸ்கட் வைத்திருக்கும். மூன்றுமே நாய்களைக் கூப்பிடும். சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோகவேண்டாம் என்றே நான் சொல்வேன். பிள்ளையையும் நாயையும் ஒருவரே ஒரே நேரத்தில் பார்ப்பது நடக்காத காரியம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் முதலே சொல்லிக்கொடுங்கள்: ஓடக்கூடாது, அடுத்தவர் நாயைக் கேட்காமல் தொடக்கூடாது, நாய் பாய்ந்துவந்தால் கையை மடக்கிக்கொண்டு மரம் மாதிரி அசையாமல் நிலத்தைப் பார்த்து நிற்கவேண்டும்.

எனக்கு நாயே இல்லை. நடக்கப் போனால் ஆற்றையோ நாய் அவிண்டு ஓடி வருது. அவை "ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லிப்போட்டு நிக்கினம். நான் என்ன செய்யிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மம்மா, அப்பப்பா வயதுக்காரர்கள். ஊரில் விசர்நாய்க்குப் பயந்து வளர்ந்த தலைமுறை. அவர்களிடம் "ஒன்றும் செய்யாது" என்பதில் பிரயோசனமில்லை. பயந்து பின்வாங்கித் தடுக்கி விழுந்தால் அந்த வயதில் இடுப்பெலும்பு முறியும். நாய் பல்லே படாமல் இவ்வளவும் நடந்துவிடும். நாய் ஆட்களை அச்சுறுத்தும் வகையில் நடக்காமல் தகுந்த முன்னெச்சரிக்கை எடுப்பது சொந்தக்காரரின் கடமை என்று ஒன்ராறியோச் சட்டமும் சொல்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது: ஓடாதீர்கள், கையை உயர்த்தாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். பையோ குடையோ இருந்தால் முன்னுக்குப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக நின்று, சொந்தக்காரரிடம் லீஷைப் போடச் சொல்லுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் மாநகரத்தின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். வேலி போட்ட நாய்ப் பகுதிக்குள் குறுக்குவழி என்று நுழைவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சண்டை வந்திட்டால் கையைப் போட்டுப் பிரிக்கலாமோ?

கழுத்துப் பட்டியை நோக்கிக் கை போவது இயல்பு. கை கிழிவதும் அங்கேதான். சண்டையில் இருக்கும் நாய்க்கு எது உங்கள் கை, எது எதிரியின் கால் என்று தெரியாது.

முதலில் சத்தம்: ஒருவர் மட்டும் பெலத்துக் கைதட்டி, அடித்தொண்டையால் ஒரு அதட்டல். பத்துப்பேர் சேர்ந்து கத்தினால் சண்டை கூடும். தண்ணீர் இருந்தால் முகத்தில் ஊற்றுங்கள். ஜக்கெற்றை மேலே எறியலாம், பெரிய பலகையோ கதிரையோ நடுவில் செருகலாம். அதற்கும் விடாவிட்டால் இரண்டு சொந்தக்காரரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் நாயின் பின்னங்கால்களைத் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுக்கிற மாதிரி, வளைவாகப் பின்னால் இழுக்கவேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் மற்ற நாய் அதைச் சாதகமாக்கிக்கொள்ளும். பல் இறுகக் கவ்வியிருந்தால் இழுக்கவே கூடாது, சதை கிழியும்.

பிரித்ததும் இரண்டையும் லீஷில் போட்டு ஒன்றையொன்று பார்க்காத தூரத்துக்குக் கொண்டுபோங்கள். மயிரை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள், கழுத்தும் அக்குளும் முக்கியம். நாய்க்கடி மேலே ஒரு சின்னத் துளையாகத்தான் தெரியும், உள்ளே சதை பிரிந்து அழுக்கு இறங்கியிருக்கும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவரின் பெயர், போன் நம்பர், நாயின் லைசென்ஸ் தகட்டு நம்பர் ஆகியவற்றைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். யார் பிழை என்ற வாக்குவாதத்தை அங்கே தொடங்கவேண்டாம்.

எங்கடை நாய் மற்ற நாயைக் கடிச்சிட்டுது. முந்தி ஒருநாளும் கடிச்சதில்லை. காசு நாங்களோ கட்டவேணும்?

பெரும்பாலும் ஆம். ஒன்ராறியோவின் நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டப்படி, உங்கள் நாய் ஒரு ஆளையோ வீட்டு விலங்கையோ கடித்தால் அல்லது தாக்கினால் வரும் நட்டத்துக்கு நீங்கள் பொறுப்பு. முந்திக் கடித்ததா, அதன் குணம் உங்களுக்குத் தெரியுமா, நீங்கள் கவனமாக இருந்தீர்களா என்பதெல்லாம் அந்தப் பொறுப்பை மாற்றாது. முதல் கடிக்கு மன்னிப்பு உண்டு என்று யாரோ கிளப்பிவிட்ட கதை இங்கே செல்லாது. அவிழ்த்துவிட அனுமதித்த இடம் என்பதும் பொறுப்பை நீக்காது. மாநகரம் தந்தது இடத்தை மட்டும்.

ஒரு விலக்கு: காயப்பட்ட பக்கத்தின் தவறும் அதில் கலந்திருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கவேண்டும். இரண்டு நாயும் ஒன்றையொன்று கடித்திருந்தால் கணக்குச் சிக்கலாகும். அதனால்தான் படம், சாட்சி, நேரம் எல்லாம் முக்கியம். மிருக வைத்தியர் பில் ஆயிரக்கணக்கில் போவது சாதாரணம். நேரில் கதைத்து முடிக்க முடிந்தால் நல்லது. தீராவிட்டால் சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போவார்கள். வீட்டு இன்சூரன்ஸிலும் வாடகை வீட்டு இன்சூரன்ஸிலும் நாய் செய்த சேதத்துக்குப் பாதுகாப்பு இருக்கலாம், சில கம்பெனிகள் சில இனங்களை விலக்கி வைத்திருக்கும். நாய் வாங்கிய அன்றே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. இன்றைக்கே அடித்துக் கேளுங்கள்.

ஆளைக் கடிச்சால் நாயைப் பிடிச்சுக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கொன்றுபோடுவினமோ?

இந்தப் பயத்தில்தான் பலர் கடியை மறைக்கிறார்கள். ஒரு கடிக்கு வழக்கமாக நடப்பது அதுவல்ல. சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவித்ததும் நாயை 10 நாள் தனியாக வைத்துக் கண்காணிக்கச் சொல்வார்கள், பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே. கடித்த நேரத்தில் நாயின் எச்சிலில் விசர் கிருமி இருந்திருந்தால் அந்த நாட்களுக்குள் நாயில் நோய் வெளிப்பட்டுவிடும். நாய் சுகமாக இருந்தால் கடிபட்டவர் ஊசித் தொடரில் இருந்து தப்பலாம். நீங்கள் நாயோடு மறைந்துவிட்டால் அவருக்கு அந்த வாய்ப்பும் போகிறது. ஊர் போல இங்கே தெருநாய்களில் விசர் இல்லை, ஆனால் வௌவால் போன்ற காட்டு விலங்குகளில் இருக்கிறது.

கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, டொக்டரிடம் போகவேண்டும். மஞ்சள் அப்பவேண்டாம். மாநகரம் விசாரித்து, கடி பாரதூரமானது அல்லது மீண்டும் நடந்தது என்று கண்டால் ஆபத்தான நாய் என்று உத்தரவு போடலாம்: வெளியே போனால் வாய்க்கூடு, வீட்டில் எச்சரிக்கைப் பலகை, மைக்ரோசிப், பயிற்சி. அதன்பிறகு அவிழ்த்துவிடும் பார்க்குக்குள் அந்த நாய்க்கு இடமில்லை. மிக மோசமான சம்பவங்களில் நாயைக் கொல்ல நீதிமன்றம் உத்தரவிட முடியும். உரிமையாளருக்கு 10,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

பிற்புல் கொண்டுவரலாமோ?

கொண்டுவர முடியாது. ஒன்ராறியோவில் 2005 முதல் அந்த வகை நாய்களுக்குத் தடை. தடைக்கு முந்தியே இருந்தவற்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது, அவையும் வெளியே லீஷும் வாய்க்கூடும் போட்டே இருக்கவேண்டும். இனத்தைத் தடை செய்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நாயின் இனத்தைவிட அதன் சொந்தக்காரரைப் பார்த்து நான் ஒதுங்குவதுண்டு.

நான் வேலைக்குப் போறன். மகனுக்குப் பதின்மூண்டு வயது, அவனிட்டைக் குடுத்து விடலாமோ? இல்லாட்டி நாய் நடத்துற ஆளிட்டை?

மேலே பொறுப்புப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் உரிமையாளர் என்ற சொல்லுக்குள் நாயைத் தன் வசம் வைத்திருப்பவரும் அடங்குவார். ஒரு நாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர் இருந்தால் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. உதவிக்கு நாயைக் கூட்டிப்போன தம்பியும் மாட்டுவார், வீட்டில் இருந்த நீங்களும் தப்பமாட்டீர்கள். உரிமையாளர் வயது குறைந்தவர் என்றால் அவரைப் பராமரிப்பவர் அந்த இடத்துக்கு வருவார்.

சட்டத்தை விடுங்கள். சண்டையைப் பிரிப்பது எப்படி என்று மேலே எழுதியதை உங்கள் மகன் செய்வானா? கோபத்தில் கத்தும் ஒரு வளர்ந்த ஆளோடு பேசி விவரம் வாங்குவானா? லீஷில் தெருச் சுற்றி நடக்க விடுங்கள், அது அவனால் முடியும். நாய் நடத்துபவரை வைத்தால் பெர்மிற், இன்சூரன்ஸ் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். ஒருநாள் சொல்லாமல் போய் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், அவருடைய கண் எங்கே இருக்கிறதென்று.

பனிக்காலத்தில பீ அள்ளவேணுமோ? மூடிப்போடும்தானே.

ஏப்ரலில் திறக்கும். நவம்பர் முதல் மூடியதெல்லாம் ஒரே கிழமையில் வெளியே வந்து, அந்தச் சேற்றில் உங்கள் நாய் பந்து பொறுக்கும். வட்டப்புழு முட்டையும் ஜியார்டியா என்ற வயிற்றோட்டக் கிருமியும் குளிரில் தாக்குப்பிடிக்கும். ரொறன்ரோவில் நாய்க்கழிவைப் பையோடு பச்சைத் தொட்டிக்குள் போடலாம். பனிக்காலத்தில் இன்னொன்று: நடைபாதையில் போடும் உப்பு நாயின் பாதத்தை வெடிக்க வைக்கும், நக்கினால் வயிற்றுக்கும் கூடாது. வீட்டுக்கு வந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

பனி போனால் உண்ணி. ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. காதுக்குள், விரலிடுக்கில், பட்டிக்குக் கீழே பாருங்கள்.

அங்கை ஒரு ஐயா வாறவர், எங்கடை ஆக்கள்தான். அவற்றை நாய் எல்லாத்திலையும் ஏறுது. அவர் போனில கதைச்சுக்கொண்டு நிப்பார். வயதுக்கு மூத்த ஆளிட்டை எப்பிடிச் சொல்லுறது?

நாயைக் குறை சொன்னால் பிள்ளையைக் குறை சொன்னதாகவே எடுப்பார்கள். அதனால் உங்கள் நாயைப் பற்றிச் சொல்லுங்கள்: "ஐயா, எங்கடை நாய் வெருளுது, ஒருக்கால் உங்கடையைக் கூப்பிடுறியளோ?" அநேகமானவர்கள் உடனே கூப்பிடுவார்கள். கூப்பிட்டும் நாய் வராது, அது வேறு கதை. அப்போது "நான் பிடிச்சுக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் அடுத்தவர் நாயில் கை வைக்கவேண்டாம், அதட்டவும் வேண்டாம்.

இரண்டு தரம் சொல்லியும் அசையாவிட்டால் உங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். விட்டுக்கொடுத்ததாகத் தோன்றும், வந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கார் நிற்பாட்டக் கஷ்டப்பட்டிருப்பீர்கள். பரவாயில்லை. மேலே சொன்ன வைத்தியர் பில், 10 நாள் கண்காணிப்பு, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் முந்திய கட்டம் பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நின்ற அந்த நிமிடந்தான். நாய் ஒன்று உண்மையிலேயே ஆபத்தானது என்றால் 311க்கு அறிவியுங்கள். தமிழர் என்று பார்த்து விடவேண்டாம், அடுத்ததாகக் கடிபடுவதும் தமிழ்ப் பிள்ளையாக இருக்கலாம்.

எங்கடை நாய்க்கு அந்த இடம் பிடிக்கேல்லைப் போல. கேற்றடியிலையே நிக்குது. பழகுமட்டும் கூட்டிக்கொண்டு போகவோ?

வேண்டாம். கேற்றடியில் நின்று உங்களைப் பார்க்கும் நாய் வீட்டுக்குப் போகக் கேட்கிறது. குட்டியில் எல்லோரோடும் விளையாடிய நாய்கள் இரண்டு மூன்று வயதில் அந்நிய நாய்களை விரும்பாமல் போவது மிகச் சாதாரணம். அதில் நோயும் இல்லை, வளர்ப்பில் பிழையும் இல்லை. வயது போன நாய்க்கு மூட்டு வலி இருந்தால் யாராவது மேலே பாய்வதே வேதனை.

ஓடவிட்டே ஆகவேண்டும் என்றால் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் தனியார் வேலிக் காணிகள் இருக்கின்றன, உங்கள் நாய் மட்டும் அதில் ஓடலாம். அதைவிட, லீஷில் போட்டு ஹைலண்ட் கிறீக் பாதையில் கூட்டிப்போய், ஒவ்வொரு செடியையும் அது விரும்பிய நேரம் மணக்க விடுங்கள். அரை மணித்தியாலம் மணந்துவிட்டு வந்த நாய் பின்னேரம் முழுக்க நித்திரை கொள்ளும்.